சொப்ட்வெயார் இன்ஸ்டோல் ஆகவில்லையா? ஃபோர்மட் பண்ண முன்னம் இவற்றைப் பாருங்கள்

வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு சொப்ட்வெயார் ஏறாவிட்டால், நம் பக்கத்தில் முதலில் வரும் யோசனை "விண்டோஸ புதுசா அடிச்சிடுவம்" என்பதுதான். கடைக்குக் கொண்டுபோனாலும் பல நேரம் அதுவே நடக்கும். பிள்ளைகளின் படங்கள், டியூசன் நோட்ஸ், பாமினி ஃபொன்டில் அடித்து வைத்த கடிதங்கள் எல்லாம் அதோடு போய்விடும். இன்ஸ்டோல் எரர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வைத்தியம் தேவையே இல்லை. பைல் அரைகுறையாக இறங்கியிருக்கும். அல்லது உங்கள் விண்டோஸுக்கு ஒத்துவராத பதிப்பாக இருக்கும். அது நம்பியிருக்கும் இன்னொரு கூறு மெஷினில் இல்லாமல் இருக்கும். எழுத இடமோ அனுமதியோ இருக்காது. இல்லையென்றால் பழைய பதிப்பின் மிச்சம் வழியை மறித்துக்கொண்டிருக்கும். எது என்று கண்டுபிடித்தால் திருத்துவது சுலபம்.

எரர் வந்தவுடன்

எரர் பெட்டியில் ஓகே அழுத்த முன்னம் கைப்போனில் ஒரு படம் எடுங்கள். இலக்கம், பைலின் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். "என்னமோ எரர் வந்திச்சு" என்று சொன்னால் ஆராலும் உதவ முடியாது. "1618 வந்தது" என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது ரீஸ்டார்ட். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வழமையாக ஒன் ஆகியே இருக்கும். அப்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி ஹார்ட் டிஸ்க்கில் உறங்க வைக்கப்பட்டு, மறுபடி போடும்போது அதே நிலையில் எழும்பும். பாதியில் நின்ற இன்ஸ்டலேஷன் ஒன்று மாற்றி வைக்கக் காத்திருக்கும் பைல்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதைக் கொடுத்தால்தான் அவை தீரும். மாரி காலத்தில் இன்ஸ்டோல் ஓடும்போது கரண்ட் போய் வந்த மெஷின்களில் இது ஒன்றே பல தடவை போதுமானது. அந்த மாதங்களில் யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டொப்பில் பெரிய சொப்ட்வெயார் எதையும் ஏற்றாதீர்கள். லெப்டொப் என்றால் பெட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

பைல் முழுசாக வந்ததா?

மொபைல் ஹொட்ஸ்பொட்டிலும் டோங்கலிலும் டவுன்லோட் செய்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது பைலைத்தான். சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் பிரவுசர் "முடிந்தது" என்று காட்டினாலும் பைல் அறுந்து போயிருக்கலாம். "இன்ஸ்டோலர் இன்டெக்ரிட்டி செக் ஹாஸ் ஃபெயில்ட்", "த ஃபைல் இஸ் கரப்ட்", "சிஆர்சி எரர்", இலக்கம் 1620 ஆகியவை வந்தால் ஏறக்குறைய உறுதி. டவுன்லோட் பக்கத்தில் போட்டிருக்கும் அளவையும், பைலின் மேல் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸில் வரும் அளவையும் ஒப்பிடுங்கள்.

இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹாஷ் இருக்கிறது. அது பைலின் கைரேகை மாதிரி; பைலில் சின்ன மாற்றம் இருந்தாலும் அதுவும் மாறிவிடும். லிப்ரே ஒஃபிஸ் போன்ற நம்பகமான சொப்ட்வெயார்களின் தளங்களில் "எஸ்எச்ஏ-256" என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வரிசை கொடுத்திருப்பார்கள். ஸ்டார்ட்டில் பவர்ஷெல் என்று தேடி, சாதாரணமாகவே திறவுங்கள்; அட்மினிஸ்ட்ரேட்டராக வேண்டாம், அப்படித் திறந்தால் பைலை இழுத்து விட முடியாது. அதில் "கெட்", சிறு கோடு, "ஃபைல்ஹாஷ்" என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் அடித்து, பிறகு ஒரு இடைவெளி விட்டு, டவுன்லோட் ஆன பைலை மவுசால் இழுத்து அந்த ஜன்னலுக்குள் போடுங்கள். பைலின் முகவரி தானாக வந்து விழும். என்டர் அழுத்தினால் வரிசை வரும். தளத்தில் உள்ளதோடு ஒரு எழுத்து மாறினாலும் பைலை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

மறுபடி இறக்கும்போது "ஒஃப்லைன் இன்ஸ்டோலர்" அல்லது "ஸ்டேண்ட்அலோன்" என்பதைத் தேடி எடுங்கள். ஒன்று இரண்டு எம்பியில் இறங்கும் சின்ன செட்டப் பைல் உண்மையில் சொப்ட்வெயார் அல்ல. அது ஓடத் தொடங்கிய பிறகுதான் மீதியை இணையத்தில் இருந்து இழுக்கும். நடுவில் லைன் அறுந்தால் எரர். முழு பைலையும் ஒரு தடவை, இரவு டேட்டா கிடைக்கும் நேரத்தில் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்தால், வீட்டில் எத்தனை மெஷினுக்கும் அதைப் போடலாம்.

ஸிப் பைல்களில் இன்னொரு தவறு மிகப் பரவலாக நடக்கிறது. ஸிப்பை டபுள் கிளிக் செய்து, உள்ளே தெரியும் செட்டப்பை அங்கிருந்தே ஓட்டுகிறார்கள். விண்டோஸ் அந்த ஒரு பைலை மட்டும் தற்காலிக இடத்தில் எடுத்துப் போடும். பக்கத்தில் இருக்க வேண்டிய மற்ற பைல்கள் இல்லாததால் "கெனொட் ஃபைன்ட்" என்று நிற்கும். முதலில் ரைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுங்கள். எக்ஸ்ட்ராக்ட் செய்யும் இடமும் சி டிரைவின் மேல் மட்டத்தில் சின்னப் பெயருள்ள ஃபோல்டராக இருக்கட்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் பல இன்ஸ்டோலர்கள் தடுமாறும்.

உங்கள் விண்டோஸுக்கு அது பொருந்துமா?

விண்டோஸ் கீயையும் போஸ் பிரேக் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். லெப்டொப்பில் அந்தக் கீ இல்லையென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அங்கே எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். 64 பிட் சொப்ட்வெயாரை 32 பிட் விண்டோஸில் போட முடியாது. "திஸ் ஆப் கான்ட் ரன் ஒன் யுவர் பிசி" என்ற செய்திக்கு வழமையான காரணம் அது. மற்றக் காரணம் மேலே சொன்ன அறுந்த பைல்.

விண்டோஸ் 7 இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இதனால் என்ன சிக்கல் வரும் என்பதற்கு ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்கு நடப்பது நல்ல உதாரணம். புரோகிராம் எழுதப் பயன்படும் பைதனின் புதிய பதிப்பை விண்டோஸ் 7 மெஷினில் போட்டால் செட்டப்பே மறுத்துவிடும். வேறு மெஷினில் இருந்து பைதன் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணி ஓட்டிப் பார்த்தால் "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (புரோகிராம் ஓடுவதற்குத் தேவையான துணைப் பைல்) இல்லை என்று வரும். பிள்ளை அந்தப் பெயரைக் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் இருந்து டிஎல்எல்லை இறக்கிப் போடும். பிரச்சினை தீராது, வைரஸ் மட்டும் வரலாம். அந்த டிஎல்எல் தொலைந்து போன பைல் அல்ல. விண்டோஸ் 7இல் அது இருந்ததே இல்லை. பைதன் 3.9 முதல் விண்டோஸ் 7க்கு வராது. 3.8 தான் அதில் ஓடும் கடைசி வரிசை. 3.13க்கு விண்டோஸ் 10 வேண்டும். குரோமும் இப்படித்தான்: விண்டோஸ் 7க்கு 109ஆவது பதிப்போடு சரி. ஆகவே டவுன்லோட் பக்கத்தில் "சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்" என்ற பகுதியை முதலில் வாசிப்பது டேட்டாவையும் மிச்சப்படுத்தும்.

புதிய லெப்டொப்பில் "மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டும்தான் போடலாம்" என்று வந்தால் அது எரர் அல்ல, விண்டோஸ் "எஸ் மோட்"டில் வந்திருக்கிறது. செட்டிங்ஸில் எக்டிவேஷன் பகுதியில் இருந்து ஸ்டோருக்குப் போய் காசில்லாமல் அதிலிருந்து வெளியேறலாம். ஆனால் திரும்பிப் போக முடியாது.

டிஎல்எல் இல்லை என்று வந்தால்

"விசிரன்டைம்140" அல்லது "எம்எஸ்விசிபி140" என்ற பெயர் தெரிந்தால் இல்லாதது மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். 2015 முதல் வந்த பதிப்புகள் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போட வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஏற்றும் சொப்ட்வெயார் 32 பிட்டாக இருக்கலாம். பலர் 64ஐ மட்டும் போட்டுவிட்டு "அதே எரர்தான்" என்று திரும்பி வருவது இதனால்தான். பூச்சியம்-எக்ஸ்-சி என்று தொடங்கி 7பி என்று முடியும் இலக்கம் வந்தால், 32 பிட்டும் 64 பிட்டும் எங்கோ கலந்துவிட்டன. வெளியில் இருந்து கொண்டுவந்து போட்ட டிஎல்எல்களை நீக்கிவிட்டு இந்த இரண்டு தொகுப்பையும் புதிதாகப் போடுங்கள்.

பழைய கணக்கு சொப்ட்வெயார், கடை பில்லிங், நூலக சொப்ட்வெயார் போன்றவை ".நெட் ஃபிரேம்வேர்க் 3.5" என்ற மைக்ரோசொஃப்ட் துணைத் தொகுப்பைக் கேட்கும். கொன்ட்ரோல் பேனல், புரோகிராம்ஸ், "டேர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஒஃப்" என்று போய் முதல் பெட்டியில் சரி போடுங்கள். இது விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் இறங்கும். 081எஃப் என்று முடியும் எரர் வந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. டேட்டா வீணாகாமல் இருக்க அப்டேட்டையே நிறுத்தி வைத்த மெஷின்களில் இது அடிக்கடி வரும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, "சேர்விசஸ்" என்று ஆங்கிலத்தில் அடித்து, புள்ளி வைத்து, எம்எஸ்சி சேர்த்து என்டர் கொடுங்கள். பட்டியலில் விண்டோஸ் அப்டேட் "டிசேபிள்ட்" என்று இருந்தால் "மனுவல்" ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். ஹொட்ஸ்பொட்டை "மீட்டேர்ட் கனெக்ஷன்" என்று குறித்திருந்தால் வேலை முடியும் வரை அதை எடுத்துவிடுங்கள்.

அதே பட்டியலில் "விண்டோஸ் இன்ஸ்டோலர்" என்பதையும் பாருங்கள். அது வழமையாக மனுவலில் இருக்க வேண்டும். டிசேபிள் ஆகியிருந்தால் 1719 வரும். சேஃப் மோடில் இருந்து இன்ஸ்டோல் செய்ய முயன்றாலும் இதே இலக்கம் வரும், அந்தச் சேர்விஸ் சேஃப் மோடில் வழமையாக ஓடாது.

இலக்கங்கள் சில

1602 என்றால் ஆரோ கேன்சல் அழுத்தியிருக்கிறார்கள். 1618 என்றால் பின்னால் இன்னொரு இன்ஸ்டலேஷன் ஓடுகிறது. பெரும்பாலும் அப்டேட் ஏதாவது. பத்து நிமிடம் விட்டுப் பார்த்து, அப்படியும் நின்றால் ரீஸ்டார்ட். 1638 வந்தால் வேறு பதிப்பு ஏற்கனவே இருக்கிறது. முதலில் அதை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். 3010 தோல்வி அல்ல, ரீஸ்டார்ட் கேட்கிறது, அவ்வளவுதான். 112 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. இன்ஸ்டோலர் முதலில் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் விரித்துவிட்டுத்தான் கொப்பி பண்ணும், ஆகவே சொப்ட்வெயாரின் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு இடம் சி டிரைவில் தேவை. டியில் போடுகிறேன் என்றாலும் சியில் இடம் வேண்டும்.

2502, 2503 இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள டெம்ப் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்பது இதன் பொருள். எம்எஸ்ஐ என்று பெயர் முடியும் இன்ஸ்டோலர் பைல்களில் ரைட் கிளிக் செய்தால் "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" வராது என்பதால் பலர் இங்கே முட்டி நிற்கிறார்கள். வழி இது:

1. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு எம்எஸ்ஐ பைலில் ரைட் கிளிக் செய்து "கொப்பி அஸ் பாத்" கொடுங்கள்.
2. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, அதில் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறவுங்கள்.
3. கறுப்பு ஜன்னலில் கொன்ட்ரோல், வி அழுத்தி ஒட்டி, என்டர் கொடுங்கள்.

1603 தான் எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது, ஏனென்றால் அது "ஏதோ பிழைத்துவிட்டது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. உண்மைக் காரணத்தை, இன்ஸ்டோலர் தான் செய்தவற்றை எழுதி வைக்கும் லொக் பைலில் தேட வேண்டும். விண்டோஸ் கீ, ஆர். பெட்டியில் சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி. திறக்கும் ஃபோல்டரைத் திகதிப்படி அடுக்கினால், பல இன்ஸ்டோலர்கள் அந்த நிமிடத்தில் எழுதிய லொக் மேலே நிற்கும். நோட்பேடில் திறந்து, கொன்ட்ரோல், எஃப் அழுத்தி, "ரிட்டேர்ன் வேல்யூ 3" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்துக்கு மேலே உள்ள பத்து இருபது வரிகளில் காரணம் இருக்கும்: எந்த ஃபோல்டரில் அனுமதி மறுக்கப்பட்டது, எந்தப் பைல் பூட்டியிருந்தது என்று பெயரோடு எழுதியிருக்கும். லொக் இல்லையென்றால் ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடுங்கள். நாள் வாரியாகச் சிவப்புக் குறியோடு தோல்விகள் காட்டும். வாசிக்க ஆகச் சுலபமானது இது.

தமிழ்ப் பெயரில் யூசர்

இது நமக்கே உரிய சிக்கல். விண்டோஸ் முதல் தடவை போடும்போது யூசர் பெயரைத் தமிழில் கொடுத்தால், சி டிரைவின் யூசர்ஸுக்குள் ஃபோல்டரும் தமிழிலேயே அமைந்துவிடும். டெம்ப் ஃபோல்டரும் அதற்குள்தான். யூனிகோட் தெரியாத பழைய இன்ஸ்டோலர்கள் அந்த முகவரியைக் கேள்விக்குறிகளாக வாசித்து, "பாத் நொட் ஃபவுண்ட்" அல்லது "எரர் ஓப்பனிங் ஃபைல்" என்று நிற்கும். பிறகு யூசர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஃபோல்டரைக் கையால் ரீநேம் பண்ணவும் வேண்டாம், லொகினே கெட்டுப் போகும்.

செய்ய வேண்டியது: சி டிரைவில் ஆங்கிலத்தில் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஸ்டார்ட்டில் "என்வைரன்மென்ட் வேரியபிள்ஸ்" என்று தேடித் திறந்து, மேல் பகுதியில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் எடிட் செய்து அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். செட்டப் பைலையும் அங்கேயே வைத்து ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆங்கிலப் பெயரில் புதிய லோக்கல் யூசர் ஒன்று உருவாக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, அதில் இருந்து ஏற்றுங்கள். தமிழ்ப் பெயரை ஆவணங்களுக்கு வைத்துக்கொள்வோம், யூசர் ஃபோல்டர் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

பாமினி ஃபொன்டைப் போட்டும் பழைய சொப்ட்வெயாரில் காட்டவில்லை என்றால், ஃபொன்ட் பைலில் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டோல் ஃபோர் ஆல் யூசர்ஸ்" கொடுங்கள். வெறும் இன்ஸ்டோல் என்றால் விண்டோஸ் 10, 11இல் அது உங்கள் யூசருக்கு மட்டும்தான் போகும்.

அன்டிவைரஸ், கிராக், திகதி

நீலப் பெட்டியில் "விண்டோஸ் புரொடெக்டெட் யுவர் பிசி" என்று வருவது வைரஸ் கண்டுபிடிப்பு அல்ல. அந்தப் பைல் அதற்கு அறிமுகமில்லை என்பதுதான். உரிய தளத்தில் இருந்து எடுத்தது, ஹாஷும் சரி என்றால் "மோர் இன்ஃபோ", "ரன் எனிவே". ஆனால் விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டர் ஒரு பைலைப் பெயர் சொல்லிப் பிடித்தால் அது வேறு விசயம். காசு கட்டாமல் பூட்டை உடைத்த கிராக் சொப்ட்வெயார் பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்: எக்டிவேட் பண்ணும் பைலை டிஃபென்டர் தூக்கிவிடும், மீதி முடமாக ஏறும். "அன்டிவைரஸை ஒஃப் பண்ணிவிட்டுப் போடு" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். அந்தப் பைலோடு பாஸ்வேர்ட் திருடும் புரோகிராமும் வரலாம், வங்கிக் கணக்கைப் போனில் மட்டுமல்ல கொம்பியூட்டரிலும் திறக்கும் காலம் இது. ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸ் காசில்லாமலே கிடைக்கும், தமிழ் இடைமுகமும் இருக்கிறது.

பழைய டெஸ்க்டொப்பில் ஒவ்வொரு நாளும் திகதி பின்னுக்குப் போகிறதா? மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பெட்டரி செத்துவிட்டது. திகதி பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று கருதப்பட்டு டவுன்லோடும் இன்ஸ்டோலும் தோற்கும். காசு போல் வட்டமான 3 வோல்ட் பெட்டரி. மெஷினின் கரண்டைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி மாற்றுங்கள். நேர வலயம் "ஸ்ரீ ஜயவர்தனபுர", கூட்டல் 5.30.

ஒன்றும் சரிவராவிட்டால்

ஒரே பைலின் ஹாஷை மூன்று தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை வந்தால் குற்றம் சொப்ட்வெயாரில் இல்லை, ரேமிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, நிந்தவூர் போல் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் தொடுமுனைகளில் படலம் பிடிக்க வைக்கும். கரண்டைக் கழற்றி, கேசிங்கின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமை எடுத்து, பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை முற்றாக நீக்கி, கிளிக் என்று சத்தம் வரும் வரை அழுத்திப் போடுங்கள். பிறகு "விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்" ஓட்டிப் பாருங்கள். "சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று வந்தால் டிஸ்க் அல்லது பென்டிரைவ். வேறெதையும் தொட முன்னம் முக்கியமான பைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

வன்பொருள் சுகமாக இருந்தால் விண்டோஸின் சொந்தப் பைல்களைச் சரிபார்க்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த சிஎம்டியில் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். 100 வீதம் வரும் வரை மூடாதீர்கள்.

அதற்கும் பிறகு மிஞ்சுவது ரிப்பேர் இன்ஸ்டோல். இப்போது மெஷினில் உள்ள அதே பதிப்பு, அதே மொழி விண்டோஸ் ஐஎஸ்ஓவை (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே பைல்) மைக்ரோசொஃப்ட் தளத்தில் இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளே உள்ள செட்டப்பை ஓட்டி, "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் மட்டும் புதுப்பிக்கப்படும், பைல்களும் சொப்ட்வெயார்களும் இருந்தபடி இருக்கும். ஐஎஸ்ஓ 4 ஜிபியைத் தாண்டுவதால் ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென்டிரைவில் கொப்பி ஆகாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிய பென்டிரைவில் எடுத்து வாருங்கள். கடையில் கொடுப்பதானாலும் இந்த முறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், எரர் எடுத்த படத்தையும் காட்டுங்கள். கொடுக்க முன்னம் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும், டி டிரைவில் வைத்திருப்பவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு எடுத்து, அதை இன்னொரு மெஷினில் செருகி ஒன்றிரண்டு பைல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.